பழைய கேபிளும் களிம்பேறிய கனெக்டரும்: வீட்டு நெட்வொர்க் தடுமாற்றத்தைக் கண்டறிந்து சரிசெய்ய முழு வழிகாட்டி

வேகச் சோதனையை எத்தனை முறை ஓட்டினாலும் 93, 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. வாங்கியிருப்பதோ 300 எம்பிபிஎஸ் இணைப்பு. இந்த ஓர் எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள ஈதர்நெட் கேபிள் ஜிகாபிட்டில் ஓட முடியாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் பாக்கெட்டுகளின் மேலுறைத் தகவல்கள் போக நமக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 94. ஜிகாபிட்டில் அதே கணக்குக்கு 940 வரும்.

ஏன் இறங்குகிறது? கேபிளுக்குள் 4 ஜோடிகளாக 8 கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற எண் கொண்ட நான்கு முனைகளே (பின்கள்) போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆனால் எந்த வேகத்தில் ஓடலாம் என்று இரு கருவிகளும் பேசி முடிப்பது 1-2, 3-6 ஜோடிகளின் வழியாக மட்டும். அதனால் 4, 5, 7, 8-இல் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும் ஜிகாபிட் என்றே ஒப்பந்தம் ஆகும். முயன்று பார்த்துத் தோற்றபின் பெரும்பாலான சிப்கள் தாமாக 100-க்கு இறங்கிக்கொள்ளும். அப்படி இறங்கத் தெரியாத கருவியில் போர்ட் விளக்கு சில நொடிகளுக்கு ஒருமுறை எரிந்து எரிந்து அணையும்.

பழைய கேபிளின் குணமே இதுதான். அது முழுதாகச் சாவதில்லை, அரை உயிரோடு ஓடிக்கொண்டே இருக்கும். பழி ரவுட்டர் மீதும் இணைய நிறுவனத்தின் மீதும் வைஃபை மீதும் விழும். புது ரவுட்டர் வாங்கும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

எது முதலில் கெடும்?

சந்தேகப்பட வேண்டிய வரிசை இது: பேட்ச் கார்டின் (கருவியைச் சுவர் ஜாக்கோடோ ரவுட்டரோடோ இணைக்கும் குட்டிக் கேபிள்) பிளக், சுவர் ஜாக், வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் இணைப்புகள், கடைசியாகத்தான் சுவருக்குள் போகும் கேபிள். யாரும் தொடாத சுத்தச் செம்புக் கேபிள் சுவருக்குள் பல பத்தாண்டுகள் உழைக்கும். வளைவதும் இழுபடுவதும் காற்றுப் படுவதும் முனைகளில்தான். அதனால் மூப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

ஈதர்நெட் கேபிளின் முனையிலுள்ள ஆர்ஜே45 பிளக்கின் எட்டு தகடுகளும் செம்புக் கலவை. மேலே நிக்கல், அதற்கும் மேலே தங்க முலாம். தரமான பிளக்கில் தங்கத்தின் தடிமன் 50 மைக்ரோ இஞ்ச், அதாவது சுமார் 1.27 மைக்ரான். தரப்படி குறைந்தது 750 முறை செருகி எடுக்கத் தாங்க வேண்டும். மலிவான பிளக்கில் தங்கம் நிறத்துக்காகப் பூசப்பட்டிருக்கும், சில பத்து முறையிலேயே தேய்ந்துபோகலாம். அடிக்கடி கழற்றாவிட்டாலும் தேய்மானம் உண்டு: பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்குவதாலும், பக்கத்திலுள்ள விசிறியின் அதிர்வாலும் தகடும் ஜாக்கின் ஸ்பிரிங் கம்பியும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டே இருக்கும். முலாம் தேய்ந்த இடத்தில் ஈரமும் உப்புக் காற்றும் பட்டால் களிம்பு ஏறும். களிம்பு மின்சாரத்தை முழுதாகத் தடுக்காது. விட்டு விட்டுத் தடுக்கும். "காலையில் நன்றாக இருந்தது, மதியம் போய்விட்டது" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒரு தவறு. கேபிளில் இரண்டு வகை: ஒற்றைக் கம்பி கொண்டது சுவருக்கு, பல மெல்லிழைகள் முறுக்கியது பேட்ச் கார்டுக்கு. இரண்டுக்கும் பிளக்கின் பற்கள் வேறு. இழைக் கேபிளுக்கான பல் இழைகளுக்கு நடுவே குத்தி இறங்கும். ஒற்றைக் கம்பிக்கான பல் கம்பியை இருபுறமும் கவ்விப் பிடிக்கும். இழைக்கான பிளக்கை ஒற்றைக் கம்பியில் போட்டால் அன்றைக்கு எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். சில மாதங்களில் கம்பி பல்லைவிட்டு நழுவி ஆட்டம் கொடுக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற மூன்று பல் பிளக்குகளும் உண்டு. எதற்கானது என்று பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விலை குறைவு, எடை குறைவு, பார்க்கச் செம்பு போலவே இருக்கும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 61 சதவீதம்தான். திரும்பத் திரும்ப வளைத்தால் எளிதில் முறியும், கம்பியை அழுத்தி மாட்டும் ஜாக்கின் கத்தி வாயில் பூச்சு கிழிந்த இடத்தில் ஆக்சைடு படியும். கேட் 5இ, கேட் 6 என்ற கேபிள் தரங்கள் இதை ஏற்பதே இல்லை. உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. கத்தி முனையால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். கேமராவுக்கோ ஆக்சஸ் பாயின்ட்டுக்கோ கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் (பிஓஇ) வீட்டில் இது வெறும் வேகப் பிரச்சினையோடு நிற்காது. மின்தடை கூடுவதால் கேபிள் சூடாகும், மறுமுனையில் வோல்டேஜ் விழுந்து கருவி ரீபூட் ஆகும்.

உறை கெடுவது மெதுவாக நடக்கும். பிவிசி உறையை வளையக்கூடியதாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் சூட்டிலும் வெயிலிலும் வெளியேறிவிட, உறை விறைத்து வெடிக்கும். வெடிப்பு வழியே நீர் புகுந்தால் கம்பிகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் மாறி, உயர் அதிர்வெண்ணில் சிக்னல் வலுவிழக்கும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துத் தானாகச் சரியாவது இதன் அடையாளம். ஆணி அடித்து நசுக்கிய இடமும் கதவிடுக்கில் மிதிபட்ட இடமும் வேறு மாதிரி: அங்கே முறுக்கின் வடிவம் கலைந்து சிக்னலின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ்ஸில் தெரியாத இந்தக் காயம் ஜிகாபிட்டிலும் 2.5 ஜிகாபிட்டிலும் வலிக்கும்.

படி 1: கண்ணால் பார்த்து, கையால் தொட்டு

எல்லாக் கேபிளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கிருந்து எங்கே, எந்த வகை, நீளம் என்ன. பிறகு ஒவ்வொரு முனையாகப் பாருங்கள்.

பிளக்கின் கொக்கி உடைந்திருக்கிறதா? கொக்கி இல்லாத பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே தொடர்பு பாதி போய்விடும். டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். கேபிளின் வெளியுறை பிளக்குக்குள் போய்ப் பிடிபட்டிருக்கிறதா, அல்லது வண்ணக் கம்பிகள் வெளியே தெரிகின்றனவா? தெரிந்தால் இழுப்பு முழுவதும் கம்பிகளின் மேல் விழுகிறது. அந்த முனைக்கு ஆயுள் குறைவு. டார்ச் அடித்து ஜாக்கின் உள்ளே பாருங்கள். எட்டு ஸ்பிரிங் கம்பிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். யாராவது தொலைபேசி பிளக்கை அதில் செருகியிருந்தால் ஓரத்திலுள்ள 1, 8 ஆகியவை அமுங்கிப்போய் நிமிராமல் இருக்கும். அந்த ஜாக்கை மாற்றத்தான் வேண்டும்.

வளைவுகளின் ஆரம் கேபிள் தடிமனைப் போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 6 மிமீ தடிமனுள்ள கேட் 6 என்றால் 24 மிமீ. மேசைக்குப் பின்னால் சுவரோடு நசுங்கிய பேட்ச் கார்டு இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும்.

படி 2: மாற்றும் முன் எண்களை எடுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பழைய எண் கையில் இல்லாவிட்டால், மாற்றியபின் சரியாயிற்றா என்பது வெறும் உணர்வாகத்தான் இருக்கும்.

முதல் எண், லிங்க் வேகம். கணினியின் நெட்வொர்க் அடாப்டர் நிலைப் பக்கத்தில் 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா, 100 எம்பிபிஎஸ் என்றா? லினக்ஸில் ஈத்டூல் (ethtool) கட்டளை சொல்லும். டிவி, மெஷ் கருவி (வீடெங்கும் வைஃபை பரப்பும் துணைப் பெட்டி) போன்றவற்றுக்கு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் போர்ட்வாரியாகப் பாருங்கள். பல டிவிகளின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். மெஷ் கருவிகளில் ஒரு மறைவான சிக்கல் உண்டு: கேபிள் கெட்டால் அவை சத்தமில்லாமல் வைஃபை வழியே பேச ஆரம்பித்துவிடும். "வயர்டு பேக்ஹால்" (கேபிள் வழி இணைப்பு) என்று செயலியில் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது எண், பிழைக் கணக்கு. ஈத்டூலின் புள்ளிவிவரப் பட்டியலிலும் நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சின் போர்ட் பக்கத்திலும் சிஆர்சி பிழை எண்ணிக்கை இருக்கும். வந்த ஃபிரேம் (கேபிளில் போகும் தரவுப் பொட்டலம்) வழியில் சிதைந்ததால் தூக்கி எறியப்பட்டது என்பதே அதன் பொருள். வீட்டு நீளத்தில் நல்ல கேபிள் நாள் கணக்கில் சுழியம் காட்டும். ஒரு மணி நேரத்தில் பத்து, இருபது என்று ஏறினால் அந்தப் போர்ட்டில் போகும் கேபிளோ முனையோ கெட்டிருக்கிறது. ஃபிரேம் சிதைவது வரும் வழியில் என்பதால், ஸ்விட்ச் போர்ட்டில் எண் ஏறவில்லை என்றால் கணினிப் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள்.

மூன்றாவது, பிங்: பாக்கெட்டை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. இணையத்துக்கு வேண்டாம், உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே விடுங்கள். 1,472 பைட் அளவில் 1,000 பாக்கெட்டுகள். சின்னப் பாக்கெட் தப்பித்துப் போகும் இடத்தில் பெரியது மாட்டும். நீளம் கூடக்கூட நடுவில் ஒரு பிட் சிதைய வாய்ப்பு கூடுகிறது. கேபிள் வழி ரவுட்டருக்குப் பதில் 1 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும், இழப்பு சுழியமாக இருக்க வேண்டும்.

ஒரு சதவீத இழப்பு பெரிதா என்று கேட்கலாம். மிகப் பெரிது. பாக்கெட் காணாமல் போனால் நெரிசல் என்று எண்ணி, தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறை வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மரபான டிசிபி கணக்குப்படி, 20 மில்லிசெகண்ட் தாமதமுள்ள ஒரு சர்வரிலிருந்து 1% இழப்போடு ஒரு கோப்பை இறக்கினால் கிடைப்பது சுமார் 7 எம்பிபிஎஸ். இழப்பு 0.01% ஆனால் சுமார் 70. புதிய கட்டுப்பாட்டு முறைகள் சில இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் வீடியோ அழைப்பில் குரல் உடைவதற்கும் பாக்கெட் இழப்பு காரணமாகலாம்.

நான்காவது, ஐபெர்ஃப்3 (iperf3) என்ற வேகச் சோதனை மென்பொருள். கேபிளில் இணைந்த இரண்டு கணினிகளுக்கிடையே 60 விநாடி ஓட்டுங்கள், பிறகு திசையை மாற்றி இன்னொரு முறை. ஜிகாபிட்டில் 930 முதல் 945 வரை வந்து, மறு அனுப்பல் எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் நடுவிலுள்ள கேபிள்கள் நலம்.

படி 3: பிரித்துப் பிரித்துச் சோதியுங்கள்

நன்றாக இருப்பதாக உறுதியான ஒரு குட்டி பேட்ச் கார்டை, 1 அல்லது 2 மீட்டர், தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியை அதனால் நேரே ரவுட்டரில் இணைத்து படி 2-ஐச் செய்யுங்கள். அங்கே எல்லாம் சரி என்றால் ரவுட்டர் போர்ட் நலம். அடுத்து, சுவர் ஜாக் வரை போய் அதே கார்டால் இணைத்துப் பாருங்கள். இங்கே கெட்டால் சுவர்க் கேபிளும் இரு ஜாக்குகளும் ரவுட்டர் பக்கத்துப் பேட்ச் கார்டும் மட்டுமே மிச்சம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு அது சரியானால், எது குற்றவாளி என்று தெரியாமல் கெட்ட கார்டு மறுபடி டிராயருக்குள் போகும். ஆறு மாதம் கழித்து வேறு அறையில் அதே தொல்லை தொடங்கும். கெட்டது என்று உறுதியான கார்டை வெட்டிப் போடுங்கள்.

பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்குக்கு அருகில் கேபிளை மெதுவாக மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். அசைவுக்கும் இழப்புக்கும் பொருத்தம் தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம், அந்த முனையை மாற்றலாம்.

படி 4: மல்டிமீட்டரால் ஜோடி ஜோடியாக

சுவர்க் கேபிளைச் சந்தேகித்தால் இந்த எளிய அளவீடு விலையுயர்ந்த கருவி சொல்வதில் பாதியைச் சொல்லிவிடும். முதலில் இரு முனையையும் எல்லாக் கருவியிலிருந்தும் கழற்றுங்கள். பிஓஇ இருந்தால் கம்பியில் 44 முதல் 57 வோல்ட் வரை இருக்கும். மீட்டரின் ஓம் நிலை அதற்கானதல்ல.

வேண்டாத, ஆனால் முனைகள் நன்றாக உள்ள ஒரு பேட்ச் கார்டை நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதியின் கம்பிகளைத் தோலுரித்து ஜோடி ஜோடியாகச் சேர்த்து முறுக்கி, தூரத்து ஜாக்கில் செருகுங்கள்: 1-2, 3-6, 4-5, 7-8. மறுபாதியை அருகிலுள்ள ஜாக்கில் செருகி ஒவ்வொரு ஜோடியாக அளவெடுங்கள். இரண்டு பாதிகளையும் ஒரு கப்ளரால் (இரு பிளக்கை இணைக்கும் சிறு துண்டு) நேராக இணைத்தால் வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள்.

24 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) சுத்தச் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.084 ஓம். போய் வரும் வழி இரண்டு மடங்கு என்பதால் 20 மீட்டர் கேபிளில் ஒரு ஜோடிக்கு சுமார் 3.4 ஓம் வர வேண்டும். தடித்த 23 கேஜ் என்றால் 2.7 ஓம். 20 மீட்டருக்கு 5 ஓமுக்கு மேல் எல்லா ஜோடியும் ஒரே மாதிரி காட்டினால் அலுமினியக் கம்பி என்று சந்தேகிக்கலாம். மூன்று ஜோடி 3.4, ஒன்று மட்டும் 4.6 என்றால் அந்த ஜோடியின் ஏதோ ஒரு முனையில் களிம்போ தளர்ச்சியோ இருக்கிறது. முறுக்கின் நெருக்கம் ஜோடிக்கு ஜோடி வேறுபடுவதால் சிறு வித்தியாசம் இயல்பு. ஒரு ஓம் வித்தியாசம் இயல்பில்லை. கேபிள் நீளம் தெரியாவிட்டால் உறையில் அச்சிட்ட நீளக் குறிகளை இரு முனையிலும் படித்துக் கழியுங்கள். சில கேபிள்களில் அது அடிக்கணக்கில் இருக்கும்.

எட்டு விளக்கு எரியும் சாதாரண டெஸ்டரை முழுதாக நம்பிவிட வேண்டாம். கம்பி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. இரு முனையிலும் கம்பிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடியாக வரிசைப்படுத்திய கேபிளிலும் விளக்குகள் அழகாக எரியும். ஆனால் 3-ஆம் முனைக்கும் 6-ஆம் முனைக்கும் வேறு வேறு ஜோடியின் கம்பிகள் போயிருக்கும். முறுக்கின் பாதுகாப்பு இல்லாமல் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசியும். தொலைபேசி வேலை தெரிந்தவர் போட்ட பழைய முனைகளில் இந்தத் தவறு அடிக்கடி கிடைக்கும். பிளக்கின் கண்ணாடி உடல் வழியே வண்ண வரிசையைக் கண்ணால் பார்த்தால் போதும்.

படி 5: சுத்தம் செய்தல், புது முனை போடுதல்

தங்க முலாம் தேயாத, அழுக்கு மட்டும் படிந்த முனையைக் காப்பாற்றலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நார் உதிராத குச்சியில் தொட்டுத் தகடுகளின் நீளவாக்கில் துடையுங்கள். ஜாக்குக்குள் ஆவியாகிப் போகும் வகைக் காண்டாக்ட் கிளீனரை ஒரு சிறு அழுத்தம் மட்டும். பத்து நிமிடம் காயவிட்டு மூன்று நான்கு முறை செருகி எடுங்கள். உப்புத்தாளோ அழிப்பானோ வேண்டாம். மிச்சமிருக்கும் தங்கமும் போய்விடும். பச்சைக் களிம்பு ஏறிய பிளக்கைத் துடைத்துப் பயனில்லை, வெட்டி எறியுங்கள்.

பிஓஇ கருவியைக் கழற்றும்போது ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் தகட்டில் சின்னப் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் முலாமில் ஒரு குழி.

புது பிளக் போடும் முறை: கெட்ட முனைக்குப் பின்னால் கேபிள் நன்றாக இருக்கும் இடம் வரை வெட்டிவிடுங்கள், பொதுவாக 5 முதல் 10 செமீ. வெளியுறையை 30 மிமீ உரியுங்கள்; கத்தி உள்கம்பியின் உறையைத் தொட்டிருந்தால் மறுபடி வெட்டித் தொடங்குங்கள். கேட் 6-இன் நடுவே பிளாஸ்டிக் சிலுவை இருந்தால் உறை மட்டத்தில் நறுக்குங்கள். ஜோடிகளைப் பிரித்து டி568பி வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மறுமுனை எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். டி568ஏ என்றால் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். கம்பிகளை நேராக்கி 13 மிமீ நீளத்தில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். முறுக்கு பிரிந்த நீளம் இதற்கு மேல் போகக்கூடாது என்பதே அந்த 13. பிளக்கின் கொக்கி கீழே பார்க்கப் பிடித்துச் செருகுங்கள். எட்டுக் கம்பியின் முனையும் முன்சுவரில் முட்டுவது தெரிய வேண்டும், வெளியுறை பின்பக்க ஆப்புக்கு உள்ளே போயிருக்க வேண்டும். பிறகே கிரிம்ப், அதாவது பற்களைக் கம்பிக்குள் அழுத்திப் பதிப்பது. கிரிம்ப் கருவியை இறுதி வரை அழுத்துங்கள். பாதி அழுத்திய பல் இன்றைக்குத் தொடும், அடுத்த வெயில் காலத்தில் விடும்.

உண்மையில் சுவர்க் கேபிளுக்குப் பிளக் போடுவதைவிடக் கீஸ்டோன் ஜாக் (சுவர்ப் பலகையில் பொருந்தும் ஜாக்) போட்டு, அங்கிருந்து கடையில் வாங்கிய பேட்ச் கார்டால் இணைப்பதே நீடிக்கும். ஒற்றைக் கம்பி அசைவை விரும்பாது. ஜாக்கில் அது அசையாமல் இருக்கும். கம்பியை ஜாக்கில் அழுத்தி மாட்டும் பஞ்ச்-டவுன் கருவியின் வெட்டும் பக்கம் வெளிப்புறம் நோக்கி இருக்கட்டும். ஜாக்கின் மேல் ஒட்டிய வண்ணப் படத்தில் பி வரிசையைப் பாருங்கள், முறுக்கைக் கத்தி வாய் வரை அப்படியே விட்டு வையுங்கள்.

கோஆக்ஸ், தொலைபேசி லைன், ஃபைபர்

கோஆக்ஸ் கேபிளில் (டிவிக்கு வரும் வகைக் கேபிள்) வரும் இணைப்புக்கு எதிரி ஈரமும் தளர்ச்சியும். வழக்கமான கோஆக்ஸ் வகையான ஆர்ஜி6-இன் நடுக் கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. வெட்டிய முனை துருப்பிடிக்கும். வெளிப் பின்னல் கறுத்தால் வெளி ரேடியோ இரைச்சல் உள்ளே புகும். திருகி மாட்டும் மலிவு கனெக்டர்களைக் கழற்றிவிட்டு அழுத்தி மாட்டும் கம்ப்ரஷன் வகையைப் போடுங்கள். விரலால் இறுக்கியபின் ஸ்பேனரால் ஆறில் ஒரு பங்கு சுற்று, அவ்வளவுதான். சிக்னலைப் பிரிக்கும் இரு வழி ஸ்பிளிட்டர் ஒன்று சுமார் 3.5 டிபியை (டெசிபெல்) தின்றுவிடும், நான்கு வழி என்றால் 7. பயன்படாத ஸ்பிளிட்டரை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் காலி வாயில் 75 ஓம் மூடி போடுங்கள். மோடத்தின் நிலைப் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் (உங்களுக்கு வரும் சிக்னல்) அளவு மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் இடையே, எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு வலுவானது என்ற அளவு) 33 டிபிக்கு மேல் இருந்தால் நிம்மதி. அப்ஸ்ட்ரீம் (மோடம் அனுப்பும் சிக்னல்) 50-ஐ நெருங்கினால் வழியில் எங்கோ சிக்னல் தேய்கிறது, மோடம் அதை ஈடுகட்ட முழு வலுவில் அனுப்புகிறது. திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்பதையும் பாருங்கள்.

தொலைபேசி லைன் வழியே வரும் டிஎஸ்எல் இணைப்புக்கு ஒரு சோதனை போதும்: வீட்டுக்குள் முதலில் வரும் சாக்கெட்டிலேயே மோடத்தை வைத்து, மற்ற கிளை வயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். சரியாகிவிட்டால் வீட்டு வயரிங்கில்தான் கோளாறு. தொலைபேசியில் கரகர சத்தம் கேட்டால் எங்கோ ஒரு இணைப்பில் களிம்பு.

ஃபைபரில் களிம்பு இல்லை, தூசி இருக்கிறது. ஒளி போகும் மையம் 9 மைக்ரான் அகலம்தான். ஒரு தூசித் துகளே அதை மறைத்துவிடும். கனெக்டரைக் கழற்றினால் உடனே மூடி போடுங்கள், மாட்டும் முன் ஃபைபருக்கான பேனா கிளீனரால் ஒருமுறை துடையுங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடும். பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் சாய்வில்லாதது. இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டினால் சிக்னல் விழும், முனையும் கீறும். ஓஎன்டியின் (ஃபைபர் வந்து சேரும் வீட்டுப் பெட்டி) நிலைப் பக்கத்தில் பெறும் ஒளி அளவைப் பாருங்கள். பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் மைனஸ் 27 டிபிஎம் எல்லைக்கோடு. மைனஸ் 25-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. ஒவ்வொரு 3 டிபிக்கும் ஒளி பாதியாகிறது. போன மாதம் மைனஸ் 19, இன்று மைனஸ் 24 என்றால் எங்கோ வளைந்திருக்கிறது அல்லது அழுக்கு. மேசைக்குப் பின்னால் 3 செமீ ஆரத்தைவிட இறுக்கமாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லையென்றால் இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஃபைபரை ஒட்டுவது வீட்டு வேலை அல்ல.

கேபிள் அல்லாத ஒன்று

கேபிள் பழுதைப் போலவே நடிக்கும் இன்னொரு மூப்பு, ரவுட்டரின் பவர் அடாப்டர். உள்ளே மின்தேக்கிகள் வறண்டுபோனால் சும்மா அளக்கும்போது 12 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் சரியும். ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். நீங்கள் தொடாமலே அந்த நேரம் சுழியத்திலிருந்து தொடங்கியிருந்தால் கேபிளை விட்டுவிட்டு அடாப்டரை மாற்றுங்கள்: வோல்டேஜும் முனைத் துருவமும் அதே, ஆம்பியர் அதே அல்லது கூடுதல். உருளைப் பிளக் லொடலொடவென்று ஆடினாலும் இதே அறிகுறிதான்.

மாற்றுவதென்றால் எதை வாங்குவது?

சுவரிலுள்ள கேட் 5இ சுத்தச் செம்பாக, அளவீட்டில் தேறினால் அதைப் பிடுங்க வேண்டாம். ஜிகாபிட்டும் 2.5 ஜிகாபிட்டும் 100 மீட்டர் வரை அதில் போகும். முனைகளை மட்டும் புதுப்பியுங்கள். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 சுத்தச் செம்பு, ஒற்றைக் கம்பி. 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட்டும் சாத்தியம். இழுக்கும்போது 11 கிலோ எடையளவு விசையைத் தாண்டாதீர்கள். வெளியில் போவதற்குக் கறுப்புப் பாலிஎதிலீன் உறையும் உள்ளே நீர்த்தடுப்பு ஜெல்லும் கொண்ட வகை. சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். மின்வயரோடு சேர்த்து ஓட்டாமல் 20 செமீயாவது தள்ளி, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள்.

பேட்ச் கார்டில் கேட் 8 என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் தரம் 30 மீட்டருக்குள் 25, 40 ஜிகாபிட் ஓட்டும் தரவு மையங்களுக்கானது. அந்தப் பெயரில் விற்கும் தட்டைக் கார்டுகளில் கம்பி மயிரிழை போல இருக்கும், முறுக்கும் சரியாக இராது. 24 அல்லது 26 கேஜ், வட்ட உறை, வார்ப்பில் செய்த முனை, தேவைக்கு மேல் அரை மீட்டர் நீளம்: இது போதும்.

மாற்றி முடித்ததும் பிழைக் கணக்கைச் சுழியமாக்கி, 24 மணி நேரம் கழித்துப் படி 2-இன் நான்கு எண்களையும் அதே தாளில் பழைய எண்களின் பக்கத்தில் எழுதுங்கள். சிஆர்சி மறுபடி ஏறினால் நீங்கள் மாற்றாத மறுமுனையில் தொடங்குங்கள். ஏறவில்லையென்றால் கேபிளின் இரு முனையிலும் தேதி எழுதிய சீட்டை ஒட்டி, வெளியிலுள்ள இணைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன் திறந்து பாருங்கள்.